கணுக்கால் பிசகினால் எப்போது எக்ஸ்ரே?

கேள்வி: கால் மடங்கிக் கணுக்கால் வீங்கியிருக்கிறது. நொண்டியாவது நடக்க முடிந்தால் எலும்பு முறியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? புத்தூர் கட்டு போதுமா?

பதில்: நடை மட்டும் போதாது. இருபக்கக் கணு எலும்பின் பின்விளிம்பையும் நுனியிலிருந்து 6 செ.மீ. உயரம் வரை விரலால் அழுத்திப் பாருங்கள். சுண்டுவிரல் பக்கம் பாதத்தின் நடுவே துருத்தும் எலும்பையும் விடாதீர்கள். எலும்பின் மேலேயே வலித்தாலோ, 4 அடி வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே. ஒட்டாவா விதி என்பார்கள். நொண்டி வைத்தாலும் அடி அடிதான்.

பதில்: சர்க்கரையால் கால் மரத்தவர்களுக்கு இது உதவாது, வலியே தெரியாது. நேராகப் படம் எடுங்கள்.

பதில்: படம் பார்க்காமல் கட்டு வேண்டாம், எண்ணெய் உருவலும் வேண்டாம். மூங்கில் பத்தை வைத்து இறுக்கியபின் வீக்கம் கூடினால் ரத்த ஓட்டம் தடைபடும். விரல் நீலமானாலோ, மரத்தாலோ, விரலை நீட்டிவிட்டாலே உயிர்போக வலித்தாலோ கட்டை அவிழ்த்து உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.