டிவி டின்னர்: 'உறைநிலைத் தட்டுணவு' பொருந்துமா?

அன்புடையீர், வணக்கம்.

தட்டிலேயே உறையவைத்து விற்கப்படும், சூடாக்கி உண்ணத்தக்க முழுச் சாப்பாடான 'டிவி டின்னர்' என்பதற்குத் தமிழ்ச்சொற்களாக முன்மொழியப்பட்டுள்ள 'தொலைக்காட்சி விருந்து', 'உறையுணவு' ஆகிய இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

முதற்சொல் ஒரு நிறுவனத்தின் விளம்பரப் பெயரையே பொருளின் இயல்பாகக் கொண்டுவிடுகிறது. ஒமாஹா நகரின் ஸ்வான்சன் நிறுவனம் 1954-இல் அப்பெயரை அமெரிக்கா முழுவதும் பரப்புவதற்கு முன்பே, 1945-இல் மேக்சன் நிறுவனம், விமானத்திலேயே சூடாக்கிப் பரிமாறுவதற்கென, மூன்று பகுதிகள் கொண்ட தட்டில் உறையவைத்த முழுச் சாப்பாட்டை 'ஸ்ட்ராட்டோ பிளேட்ஸ்' என்ற பெயரில் தயாரித்தது. 1949-இல் பிட்ஸ்பர்க்கில் பெர்ன்ஸ்டீன் சகோதரர்கள் அத்தகைய சாப்பாட்டை அலுமினியத் தட்டில் அடைத்துக் கடைகளுக்குக் கொண்டுவந்தனர். இவற்றுக்கும் தொலைக்காட்சிக்கும் தொடர்பே இல்லை. ஸ்வான்சனும் 1962-இல் அப்பெயரை அட்டைப்பெட்டியிலிருந்து நீக்கிவிட்டது. தனியாளாக அமர்ந்து உண்பதை 'விருந்து' என்பதும் நம் காதுக்கு ஒட்டவில்லை.

'உறையுணவு' சுருக்கமானது, ஆனால் தலையணை உறை, கடித உறை என்று பழகியவர்கள் அதைப் பொட்டலத்தில் அடைத்த உணவு என்றே படிப்பார்கள். 'உறைநிலை' என்றால் இம்மயக்கம் நீங்கும். எனினும் 'உறைநிலை உணவு' மிக விரிந்த சொல்: கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐயின் விரைவுறைவு முறையில் பதப்படுத்தப்பட்டு 1930-இல் ஸ்பிரிங்ஃபீல்டு கடைகளில் விற்பனைக்கு வந்த மீனும் பட்டாணியும்கூட அதில் அடங்கும். அவற்றை வாங்கியவர் சமைத்தாக வேண்டும்.

நாம் பெயரிட வேண்டிய பொருளைத் தனித்துக் காட்டுவது தட்டுதான். வான்கோழி இறைச்சி, பட்டாணி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு மூன்றும் ஒன்றோடொன்று கலவாமல் உறைந்து, அதே தட்டில், அதே அடுப்பில், ஒரே நேரத்தில் சூடாகி உண்ணும் பதத்துக்கு வர வேண்டும் என்பதே ஸ்வான்சனின் நுண்ணுயிரியலாளர் பெட்டி குரோனின் எதிர்கொண்ட சிக்கல். சமைக்கும் கலம், பொதியும் கலம், உண்ணும் கலம் ஆகிய மூன்றும் ஒன்றாகிவிட்டதில்தான் இதன் புதுமை இருக்கிறது.

ஆகவே உணவுக்கு 'உறைநிலைத் தட்டுணவு' என்றும், கலத்துக்குப் 'பல்லறைத் தட்டு' என்றும் முன்மொழிகிறேன். மூன்று பகுதிகள் உள்ளதை 'மூவறைத் தட்டு' எனலாம். அலுமினியத்தைப் பெயரில் சேர்க்க வேண்டாம், ஏனெனில் 1986-இல் மைக்ரோவேவ் அடுப்புக்கு ஏற்ற தட்டுகள் வந்து அதன் இடத்தைப் பிடித்துவிட்டன.

உண்கலத்தைக் 'கோப்பை' என்று வழங்கும் யாழ்ப்பாணத்து நண்பர்களுக்குத் 'தட்டுணவு' இயல்பாகப் படுகிறதா என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.