புதுப்பிப்பு: பூனைக்குக் கருத்தடை முடிந்தது

திருகோணமலையில் பூனைக்குக் கருத்தடை செய்யும்போது மிருக வைத்தியரிடம் எதைக் கவனிக்க வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தேனே, நல்லபடி முடிந்தது. உப்புவெளியிலிருந்து ஆட்டோவில் கொண்டுபோனோம்.

எனக்குப் பிடித்தது, கத்தி வைக்குமுன் நடந்தவைதான். நெஞ்சுத் துடிப்பைக் கேட்டார், நிறை பார்த்துத்தான் மயக்க மருந்தின் அளவைக் கணக்கிட்டார். மயக்கத்தில் பூனையின் கண் மூடாது, காய்ந்துவிடும் என்று களிம்பு பூசினார். அப்புறம், உடற்சூடு குறையாமல் துணியால் சுற்றிவைத்து, நன்றாகத் தலை தூக்கும்வரை வீட்டுக்கு விடவில்லை.

நோவு மருந்தும் அவரே தந்தார். பனடோல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது நஞ்சு. (பக்கத்து வீட்டு அன்ரி அரைக் குளிசை போதும் என்றார்!)

கழுத்தில் மாட்டிய கூம்பைக் கண்டாலே கோபம், ஆனாலும் தையலை நக்க விட முடியாதே. 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பார்கள். காயம் வீங்கினாலோ நீர் வடிந்தாலோ அதுவரை காத்திருக்கக் கூடாதாம்.