ஏ.எல் கலைப்பிரிவு முடிச்சாச்சு: கோப்பாயோ, கம்பசோ, பேப்பரோ?

வடமராட்சிப் பிள்ளை:
வணக்கம். ஏ.எல் சோதினை எடுத்திட்டுப் பெறுபேறு பாத்துக்கொண்டு இருக்கிறன். தமிழ், புவியியல், ஊடகக் கற்கை. தமிழ்மொழித்தினப் போட்டியிலை கட்டுரைக்கு மாகாணம் வரைக்கும் போனனான். பள்ளிக்கூட மலருக்கு வந்த ஆக்கங்களைத் திருத்தினதும் நான்தான். சொன்னால் சிரிப்பியள், எழுதினதை விட அதுதான் எனக்குப் பிடிச்சிருந்தது.

அப்பா ஒரே பிடி: கோப்பாய்க் கல்வியியற் கல்லூரிக்குப் போ, மூண்டு வருசத்திலை ரீச்சர், பென்சன் இருக்கு. மாமா சொல்லுறார், கம்பஸ் கிடைச்சால் விடாதை எண்டு. எனக்கு ஆசை பேப்பரிலையோ பதிப்பகத்திலையோ எடிட்டிங் வேலை. யாழ்ப்பாணத்திலை அப்பிடி ஒரு வேலை உண்மையா இருக்கோ? அதிலை இருக்கிற ஆக்கள் சொல்லுங்கோ. "மனசு சொல்லுறதைக் கேள்" எண்டு மட்டும் எழுதாதேங்கோ, அதை ரிக்ரொக்கிலை நிறையக் கேட்டாச்சு.

ஒப்புநோக்கி:
தங்கச்சி, வேலை நிறைய இருக்கு. உத்தியோகம்தான் இல்லை.

நான் இஞ்ச ஒரு நாளிதழிலை ஒப்புநோக்குநரா (புரூவ் பாக்கிறவரா) சேர்ந்து, பிறகு உதவி ஆசிரியரா இருந்து, இப்ப வீட்டிலை வைச்சுத் திருத்திக் குடுக்கிறன். என்னட்டைக் கூட வாறது கதைப் புத்தகம் இல்லை, கல்வெட்டு. செத்தவருக்குச் செய்யிற அந்தியேட்டிக் கிரியையிலை குடுக்கிற நினைவு மலர். 31ஆம் நாளுக்குக் கையிலை இருக்க வேணும், ஆனால் வீட்டுக்காரர் வாறது கடைசிக் கிழமையிலை. கனடா மகள் அப்பாவின்ரை வாழ்க்கை வரலாற்றை வட்சப்பிலை குரலா அனுப்புவா, லண்டன் மகன் அதிலை பாதியை மறுப்பார். தேவாரம் எல்லாம் வீட்டிலை கிடந்த பழைய கல்வெட்டைப் பாத்து அடிச்சது, அதின்ரை பிழையும் பத்திரமா வந்து சேரும். வம்சாவளியிலை ஒரு மருமகன்ரை பேர் விடுபட்டால் அச்சகக்காரனிட்டை ஒருத்தரும் போகாயினம், என்ர படலையைத்தான் தட்டுவினம். நான் சிரிப்புக்குச் சொல்லேல்லை. வேற எந்தப் புத்தகத்தையும் இந்த ஊரிலை இவ்வளவு கவனமா எழுத்தெழுத்தா வாசிக்கிற ஆக்கள் இல்லை.

அதைவிட்டால் கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட நூற்றாண்டு மலர், கம்பஸ் பிள்ளையளின்ரை ஆய்வேடு. காசு பக்கக் கணக்கு. சிலர் அண்டைக்கே தருவினம், சிலர் "புத்தகம் வெளியிட்ட பிறகு" எண்டுவினம். வெளியீட்டு விழாவிலை சிறப்புப் பிரதி வாங்க வாறவை தாற கவரிலைதான் எழுத்தாளர் அச்சகக் கடனைக் கட்டுறவர். அதிலை திருத்தினவனுக்குப் பங்கு எண்டு ஒண்டும் எழுதி வைக்கேல்லை. பதிப்பகம் எண்டு நீங்கள் நினைக்கிறது இஞ்ச பெரும்பாலும் அச்சகம்தான், எழுதினவர் தன்ர காசிலை அடிப்பிக்கிறார்.

பேப்பர் வேலை நல்ல பள்ளிக்கூடம். இரவிலை பக்கம் முடிக்கிற அவசரத்திலை தலைப்பு வைக்கப் பழகினால் பிறகு எதையும் சுருக்கி எழுதலாம். ஆனால் அப்பா தயங்கிறதுக்குச் சம்பளம் மட்டும் காரணமா இராது. 2006 மே மாதம் உதயன் பேப்பர் அலுவலகத்துக்குள்ளை புகுந்து சுட்டு இரண்டு ஊழியர்கள் செத்தவை. அந்த வருசங்களை இஞ்ச இருந்து பாத்த தகப்பன்மாருக்கு அது மறக்காது. அவரோடை வாதாட முதல் அதைக் கேட்டுப் பாருங்கோ.

இன்னொண்டு. உங்கட 11ஆம் ஆண்டுத் தமிழ்ப் பாடநூலின்ரை முன்பக்கங்களை எடுத்துப் பாருங்கோ. எழுத்தாளர் குழு, பதிப்பாசிரியர் குழு எண்டு போட்டிருக்கும். அதிலை கனபேர் ஆசிரியர், ஆசிரிய ஆலோசகர், விரிவுரையாளர். அரசாங்கக் காசிலை எடிட்டிங் செய்யிற வழி பள்ளிக்கூடத்துக்குள்ளாலைதான் போகுது. எங்கட சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை கலித்தொகையை 1887இலை பதிப்பிச்சவர், ஆனால் அவருக்குச் சோறு போட்டது தமிழ்நாட்டிலை பாத்த அரசாங்க உத்தியோகம். அதாலை என்ர வாக்கு அப்பாவுக்கு. வேலையை எடுங்கோ, மிச்ச நேரத்திலை திருத்தலாம்.

துணுக்காய் பஸ்:
அண்ணை சொன்னதிலை எல்லாம் சரி, அந்த "மிச்ச நேரம்" மட்டும் சரியில்லை. அது பள்ளிக்கூடத்திலை படிப்பிக்காத ஆக்களின்ரை கதை.

பிள்ளை, நான் கோப்பாயிலை படிச்சு வந்த தமிழ் ரீச்சர். முதல் இரண்டு வருசம் விடுதி, மூண்டாவது வருசம் ஒரு பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சுப் பழகிற கட்டுறுபயில்வு, அதுக்குப் பிறகு நியமனம். கம்பசுக்காரர் பட்டத்தோடை வர்த்தமானிக்கும் போட்டிப் பரீட்சைக்கும் காத்திருக்கேக்கை உங்களுக்குச் சம்பளம் வரத் தொடங்கும். அது உண்மையிலை பெரிய விசயம். ஆனால் வீட்டுக்குப் பக்கத்திலை நியமனம் வரும் எண்டு நினைக்காதேங்கோ. எங்கட ஆக்கள் கனபேருக்கு முதல் பள்ளிக்கூடம் வன்னியிலைதான். விடியக் கருக்கலிலை பஸ், பின்னேரம் பாடக்குறிப்பு, கணிப்பீட்டுப் புள்ளி, இடையிலை வலயத்திலையிருந்து ஆக்கள் வந்தால் பதிவுப் புத்தகம்.

அதை விட முக்கியமானது ஒண்டு இருக்கு. ஏழாம் ஆண்டுப் பிள்ளையின்ரை கட்டுரையிலை எல்லாப் பிழைக்கும் சிவப்பு மை போட்டால் அந்தப் பிள்ளை அடுத்த கிழமை நாலு வரிதான் எழுதித் தரும், அதுவும் பிழை வராத நாலு வரி. அதாலை ர, ற பிழையைத் திருத்தினால் சந்திப் பிழையைக் கண்ணிலை தெரிஞ்சும் விட வேணும். எடிட்டர் புத்தியுள்ள ஆளுக்கு அது சரியான கஷ்டம். அண்ணையை என்ர வகுப்பிலை விட்டால் ஒரு தவணை தாங்கமாட்டார் (கோவிக்காதேங்கோ).

நான் கேக்கிறது இதுதான்: மலருக்கு நீங்கள் திருத்தினதுகளை எழுதின பிள்ளையளுக்குக் காட்டினியளோ, நேரா அச்சகத்துக்குக் குடுத்தியளோ?

பரமேஸ்வராச் சந்தி:
கம்பஸ் பக்கத்துக் கதையையும் கேளுங்கோ. தமிழ் சிறப்புக்கலை, 4 வருசம். அந்த வாசிப்பு எனக்கு வேற எங்கயும் கிடைச்சிராது. பட்டம் எடுத்த பிறகு 2017இலை கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னாலை வேலையற்ற பட்டதாரிகள் கொட்டகையிலை இருந்தம். இப்ப பிரதேச செயலகத்திலை அபிவிருத்தி உத்தியோகத்தர். தமிழுக்கும் என்ர கதிரைக்கும் சம்பந்தமில்லை.

ஆனால் யாழ் பல்கலைக்கழகத்திலை மொழிபெயர்ப்புக் கற்கை எண்டு ஒரு பட்டம் இருக்கு. பல்கலைக்கழக அனுமதிக் கையேட்டிலை அதைப் பாருங்கோ. தமிழ் அரசகரும மொழியா இருந்தும் எங்கட கந்தோருக்குச் சுற்றறிக்கை முதல் சிங்களத்திலைதான் வரும். அதைத் தமிழாக்கத் தெரிஞ்ச ஆளுக்கு உள்ள மதிப்பை நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன். சிங்களம் இண்டைக்கே தொடங்குங்கோ.

வடமராட்சிப் பிள்ளை:
ரீச்சர், அச்சகத்துக்குத்தான் குடுத்தனான். நேரம் இல்லை. ஒரு பிள்ளையை மட்டும் பக்கத்திலை இருத்தித் திருப்பித் திருப்பி எழுத வைச்சனான், அவள்ரை கட்டுரைதான் மலரிலை நல்லா வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கு அலுப்பா இருந்தது. நானே எழுதிக் குடுத்தால் கெதியா முடிஞ்சிருக்கும் எண்டு நினைச்சுக்கொண்டே இருந்தனான்.

துணுக்காய் பஸ்:
அலுப்பு எல்லாருக்கும் வரும். நீங்கள் எழுதிக் குடுக்கேல்லை எல்லோ? ரீச்சர் வேலையை இப்பவே தள்ளி வைக்காதேங்கோ. பெறுபேறு வரும் வரைக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையள் நாலு பேரை இருத்தித் தமிழ் சொல்லிக் குடுத்துப் பாருங்கோ. காசு வாங்கினால் இன்னும் நல்லாத் தெரியும்.

ஒப்புநோக்கி:
ரீச்சர் சொன்னது சரி, நான் ஒரு தவணை இல்லை, ஒரு பாடவேளையே தாங்கமாட்டன்.

தங்கச்சி, அந்த நேரத்திலையே தட்டச்சும் பழகுங்கோ, பாமினி எண்ட பழைய எழுத்துருவும் யூனிகோடும் இரண்டும். அச்சகங்களிலை இன்னும் பாமினிதான் ஓடுது. அதை யூனிகோடுக்கு மாத்தேக்கை நடுவிலை கிடக்கிற ஆங்கிலப் பேரும் மின்னஞ்சல் முகவரியும் விளங்காத தமிழ் எழுத்தாக் கொட்டும். அதைப் பிடிக்கத் தெரிஞ்ச ஆளை அச்சகக்காரர் விடமாட்டினம். முதல் வேலை அப்பிடித்தான் வரும். நூலகம் இணையத்தளத்திலை பழைய ஈழத்து இதழ்கள் இலவசமாக் கிடக்கு. ஒரு பக்கத்தை எடுத்துப் பேனையோடை ஒப்புநோக்கிப் பாருங்கோ.

கல்வியியற் கல்லூரி விண்ணப்பம் வர்த்தமானியிலைதான் வரும். வெள்ளிக்கிழமையளிலை பாக்க மறக்காதேங்கோ, முடிவுத் திகதி போனால் பிறகு ஒருத்தரும் ஒண்டும் செய்யேலாது.