கடல்நீரேரிச் சேற்றில் இளஞ்சிவப்புப் படை: எந்த மரபணுவைத் தேடுவது?

நெய்தல்:
யாழ்ப்பாணம் அரியாலைப் பக்கம் கடல்நீரேரிக் கரைச் சேற்றைக் கத்தியால் வெட்டினால் மேலே பச்சைப் படை, அதன்கீழ் நகத்தடிப்பில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு, பிறகு கன்னங்கரேல் என்று கூழ்முட்டை மணம். ஒளித்தொகுப்புச் செய்யும் கந்தக பற்றீரியா என்று நினைக்கிறேன். வளர்த்துப் பார்க்காமல் நேரே டிஎன்ஏ எடுத்து, எந்த இனம் என்று அடையாளம் காட்டும் 16எஸ் மரபணுவைப் பிசிஆரில் (டிஎன்ஏயைப் பிரதி எடுக்கும் முறை) பெருக்கினால் போதுமா? உப்பளப் பாத்தியில் தண்ணி சிவக்கிறதும் இதே ஆட்களாலா?

கண்டல்வாசி:
தங்கச்சி, 16எஸ்ஸை மட்டும் நம்பாதீர்கள். பச்சைக் கந்தக பற்றீரியா என்றால் ஓரளவு சரிவரும், அவை தனிக் கூட்டம். ஊதாக் கந்தக பற்றீரியாக்கள் காமா புரோட்டியோபற்றீரியா என்ற பெரிய கூட்டத்துக்குள் இருக்கின்றன, பக்கத்திலேயே ஒளியைச் சீண்டாத உறவினர் நிறைய. அதனால்தான் ஒளித்தொகுப்பு மையத்தின் புரதத்துக்கான பஃப்-எம் மரபணுவைத் தேடுவார்கள், பச்சைக் கந்தக பற்றீரியாவுக்கு எஃப்எம்ஓ-ஏ மரபணுவை. ஆனால் பஃப்-எம் வந்துவிட்டது என்று துள்ளவும் வேண்டாம், கந்தகமல்லாத ஊதா பற்றீரியாவிலும் ஒட்சிசனோடு வாழும் சில கடல் பற்றீரியாக்களிலும் அது உண்டு. டிஎன்ஏ வரிசையை வாசித்து, உறவுமுறை காட்டும் மர வரைபடத்தில் எங்கே போய் விழுகிறது என்று பார்த்தால்தான் பேச்சு.

சேற்றுக்கை:
கந்தகத்துக்கு, அதை ஒட்சியேற்ற உதவும் சொக்ஸ்-பி மரபணுவைப் பார்க்கச் சொல்வார்கள், அது இருட்டில் கந்தகத்தை ஒட்சியேற்றுகிறவைக்கும் உண்டு. ஒரே சேற்றில் பஃப்-எம், சொக்ஸ்-பி இரண்டு மரபணுவும் கிடைத்தால் இரண்டும் ஒரே கலத்தில் இருந்தன என்று அர்த்தமில்லை, அறிக்கைகளில் இதைத்தான் அவசரப்பட்டு எழுதிவிடுகிறார்கள்.

அப்புறம் கறுப்புச் சேற்றில் உக்கிய பொருட்களிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம் பிசிஆரைக் கழுத்தை நெரிக்கும். டிஎன்ஏயைப் 10 மடங்கு, 100 மடங்கு ஐதாக்கியும் போடுங்கள், தெரிந்த டிஎன்ஏ கொஞ்சம் கலந்து ஒரு ரியூப்பும் வையுங்கள், அதிலும் ஜெல்லில் டிஎன்ஏப் பட்டை வராவிட்டால் பற்றீரியா இல்லை என்று முடிவெடுக்கக் கூடாது. பிரைமருக்கு (பிசிஆரைத் தொடக்கிவைக்கும் குட்டி டிஎன்ஏத் துண்டு) காசு கொடுக்க முன்னம் அந்தக் கோட்டை மட்டும் சுரண்டி மெதனோலில் போட்டு ஒளி உறிஞ்சலைப் பாருங்கள்: 770 நானோமீற்றர் அளவில் உச்சி வந்தால் ஊதா பற்றீரியாவின் ஒளிபிடிக்கும் நிறமியான பற்றீரியோகுளோரோபில் ஏ, 665இல் மட்டும் என்றால் மேல்படைப் பச்சையைத்தான் சுரண்டியிருக்கிறீர்கள். நுணுக்குக்காட்டியிலும் வையுங்கள், குரோமேஷியம் என்ற ஊதாக் கந்தக பற்றீரியா வகையில் கந்தக மணிகள் கலத்துக்குள்ளேயே மினுங்கும்.

உப்புக்காற்று:
உப்பளச் சிவப்பு பெரும்பாலும் வேறு கதை. உப்பை விரும்பும் ஆர்க்கியாவும் (பற்றீரியா அல்லாத வேறு வகை நுண்ணுயிர்) டுனாலியெல்லா பாசியும் தங்கள் கரோட்டினொயிட் நிறமியால் சிவக்க வைப்பவை, அவற்றில் பஃப்-எம் கிடையாது. என்றாலும் ஹலோரோடோஸ்பைரா மாதிரி ஊதாக்காரர் கடும் உப்பிலும் வாழ்வார்கள், ஆகவே ஒரு போத்தல் எடுங்கள். டிஎன்ஏ செத்த கலத்திலிருந்தும் வரும், இப்போது வேலை செய்கிறதா என்று காட்ட ஆர்என்ஏ வேண்டும், அதற்கு மாதிரியைக் கரையிலேயே உறைய வைக்க வேண்டும்.

நெய்தல்:
நன்றி அண்ணை, அக்கா. ஆர்என்ஏக்கு வசதியில்லை, மெதனோலும் பஃப்-எம்மும் செய்கிறேன். படைகளைக் கலக்காமல் வெட்டி எடுக்க வழி?

சேற்றுக்கை:
நுனி வெட்டிய ஊசிச் சிரிஞ்சை நிமிர்த்திச் சேற்றில் இறக்குங்கள், பிறகு பின்னாலிருந்து தள்ளித் தள்ளி மில்லிமீற்றர் கணக்கில் வெட்டலாம். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேட்டை எதனோலில் துடையுங்கள்.