கடைசி 10 ஆட்டங்கள் இருக்கும்போது மேலாளரை மாற்றலாமா? லெஸ்டர் சிட்டியை முன்வைத்து ஒரு கேள்வி

உப்பளத்தான் (புதுச்சேரி) கேட்டது:

வணக்கம். 2016-இல் லெஸ்டர் சிட்டி, இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துப் போட்டியான பிரிமியர் லீக் பட்டத்தை வென்ற நாளிலிருந்து அந்த அணியின் பின்னால் அலைந்துகொண்டிருப்பவன் நான். உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கத்தில் காலை நடையை முடித்துவிட்டுத் தேநீர்க் கடையில் உட்காரும் எங்கள் நால்வருக்குள் ஒரு வழக்கு நெடுநாளாகத் தீராமல் இருக்கிறது. அதை இங்குள்ளவர்களின் முன் வைக்கிறேன்.

28 ஆட்டங்களில் 25 புள்ளிகள் மட்டுமே எடுத்து 20 அணிகளில் 19-ஆம் இடத்தில் அணி கிடந்தபோது, 2023 ஏப்ரல் 2 அன்று மேலாளர் (அதாவது தலைமைப் பயிற்சியாளர்) பிரெண்டன் ராஜர்ஸை நிர்வாகம் விடுவித்தது. இரண்டு முறை ஐந்தாம் இடத்துக்கு அணியைக் கொண்டுவந்தவரும், 2021-இல் கிளப்பின் வரலாற்றிலேயே முதல் எஃப்.ஏ. கோப்பையை வாங்கித் தந்தவரும் அவர்தான். உதவிப் பயிற்சியாளர்கள் பொறுப்பில் ஆடிய அடுத்த இரண்டு ஆட்டங்களும் தோல்வியில் முடிந்தன. அதன் பின் வந்த டீன் ஸ்மித், மீதமிருந்த 8 ஆட்டங்களில் 9 புள்ளிகள் சேர்த்தார். ஆக மொத்தம் 34. எவர்டன் 36 புள்ளிகளுடன் தப்பித்துக்கொள்ள, லெஸ்டர் 18-ஆம் இடத்தில் நின்று இரண்டாம் நிலைக்கு இறங்கியது.

நண்பர்களில் இருவர், ராஜர்ஸையே வைத்திருந்தால் பிழைத்திருப்போம் என்கிறார்கள். ஒருவர், முன்பே அனுப்பியிருக்க வேண்டும் என்கிறார். எனக்குத் தெளிவு பிறக்கவில்லை. ரெலிகேஷன், அதாவது கடைசி மூன்று இடங்களில் முடித்துக் கீழ்நிலைக்கு இறங்கும் வாசலில் நிற்கும் ஓர் அணி மேலாளரை மாற்றுவதால் உண்மையில் ஏதாவது பயன் உண்டா?

குருசுக்குப்பத்துப் பேரன் (புதுச்சேரி) எழுதியது:

ஐயா, உங்கள் மூன்றாவது நண்பர் பக்கம்தான் நான். மாற்றியது பிழையில்லை, மாற்றிய நாள்தான் பிழை. அந்தப் பருவத்தின் முதல் 7 ஆட்டங்களில் லெஸ்டர் எடுத்தது ஒரே ஒரு புள்ளி. பிரைட்டனிடம் 5 கோல், அடுத்து டாட்டன்ஹாமிடம் 6 கோல் வாங்கி அடுத்தடுத்து தோற்றார்கள். அதற்குப் பிறகு சர்வதேச ஆட்டங்களுக்காக லீக்குக்கு இடைவெளி வந்தது. புதியவர் ஒருவரை அமர்த்தி அவருக்கு இரண்டு வாரம் பயிற்சிக்கு நேரம் கொடுக்க அதைவிட நல்ல தருணம் கிடைத்திருக்காது. அதை விட்டுவிட்டு ஏப்ரலில் விழித்துக்கொண்டது கண் கெட்ட பிறகு செய்த சூரிய நமஸ்காரம்.

ராஜர்ஸின் கடைசி ஆட்டம் எது என்பதையும் நினைத்துப் பாருங்கள். அன்று எதிரில் நின்ற கிரிஸ்டல் பேலஸ், இரண்டு வாரத்துக்கு முன்புதான் பாட்ரிக் வியெராவை அனுப்பிவிட்டு, 75 வயது ராய் ஹாட்ஜ்சனைத் திரும்ப அழைத்திருந்தது. அவர் திரும்பி வந்த முதல் ஆட்டமே அதுதான். கூடுதல் நேரத்தில் மடேட்டா அடித்த கோலால் பேலஸ் 2-1 என வென்றது. மாற்றத் துணிந்த கிளப், மாற்றத் தயங்கிய கிளப்பை ஒரே மாலையில் தள்ளிவிட்டது. ஹாட்ஜ்சன் 10 ஆட்டங்களில் 18 புள்ளிகள் எடுத்து 11-ஆம் இடத்தில் முடித்தார்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: வருகிறவர் யார் என்பதைவிட, எந்த வீட்டுக்கு வருகிறார் என்பது முக்கியம். பிரான்சிலிருந்து ஓய்வூதியம் வாங்கிய என் தாத்தா, செந்தெத்தியன் அணியின் பைத்தியம். பிரெஞ்சு லீக்கை 10 முறை வென்ற அணி அது. 2021 டிசம்பரில் அவர்கள் குளோத் புயெலை நீக்கிவிட்டு பாஸ்கால் துப்ராவைக் கொண்டுவந்தபோது தாத்தா துள்ளிக் குதித்தார். ஏனென்றால், 2016-இல் பாதுகாப்பான இடத்துக்கு 10 புள்ளிகள் பின்தங்கிக் கிடந்த துலூஸ் அணியைக் கடைசி நாளில் கரையேற்றிய மனிதர் அதே துப்ராதான். செந்தெத்தியனில் நடந்தது வேறு. 18-ஆம் இடத்தில் முடித்து, முதல்நிலையில் யார் ஆடுவது என்று தீர்மானிக்கும், ஒசேருக்கு எதிரான பிளே-ஆஃபில் பெனால்டியில் தோற்று இறங்கினார்கள். தாத்தா அந்த இரவு சாப்பிடவில்லை.

முதுநகர் கோல்கீப்பர் (கடலூர்) எழுதியது:

பேரன் தம்பி சொன்ன பேலஸ் கதையில் ஒரு பாதி விடுபட்டிருக்கிறது. அதைச் சொல்ல எங்கள் ஊர்க் கதை ஒன்று வேண்டும்.

கடலூர் துறைமுகத்தில் எங்கள் சித்தப்பா ஒரு விசைப்படகுக்குப் பங்குதாரர். மார்ச் மாதத்தில் மீன்பாடு குறைந்தால் முதலாளிமாருக்கு முதலில் தோன்றுவது ஸ்ராங்கை, அதாவது படகை ஓட்டுபவரை, மாற்றுவதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்குள் புது ஸ்ராங்கைப் பேசி முடித்துவிடுவார்கள். தடை முடிந்து கடலுக்குப் போன முதல் வாரத்தில் எந்தப் படகுக்கும் மீன் கிடைக்கும், பழைய ஸ்ராங்கு ஓட்டும் படகுக்கும் கிடைக்கும். ஆனால் ஏலக்கூடத்தில் நின்றுகொண்டு, 'ஸ்ராங்கை மாற்றினேன், பார்த்தாயா' என்று என் சித்தப்பா சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

வியெராவின் கடைசி வாரங்களில் பேலஸ் லிவர்பூல், மான்செஸ்டர் சிட்டி, பிரைட்டன் என்று பலசாலிகளோடு மோதியது. அவர் போன பிறகு, ஹாட்ஜ்சன் வருவதற்கு முன், ஆர்சனலிடமும் 4-1 என்று தோற்றது. ஹாட்ஜ்சன் கைக்கு வந்த 10 ஆட்டங்களில் லெஸ்டர், லீட்ஸ், சவுதாம்ப்டன், எவர்டன், வுல்வ்ஸ், போர்ன்மவுத், ஃபாரஸ்ட் ஆகியவை அடங்கும். அந்தப் பருவத்தில் முதல் ஏழு இடங்களில் முடித்த ஓர் அணியைக்கூட அவர் சந்திக்கவில்லை. கிழவரின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. லீட்ஸை அவர்கள் ஊரிலேயே 5-1 என்று அடித்தது அட்டவணையின் கருணை மட்டுமல்ல. ஆனாலும் தடைக்காலம் முடிந்த கடல் அது.

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் முதல்நிலை லீக்கில் 1986 முதல் 2004 வரையிலான மேலாளர் மாற்றங்களை பாஸ் டெர் வேல் என்ற பொருளியல் அறிஞர் எடுத்துக்கொண்டார். தொடர் தோல்விக்குப் பின் மேலாளரை நீக்கிய அணிகளை, அதேபோன்ற சரிவு வந்தும் நீக்காமல் வைத்துக்கொண்ட அணிகளோடு ஒப்பிட்டார். நீக்கிய அணிகள் மீண்டது உண்மை. நீக்காத அணிகளும் ஏறத்தாழ அதே அளவு மீண்டன.

உப்பளத்தாரே, உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜர்ஸ் காலத்தில் ஆட்டத்துக்கு 0.89 புள்ளி, அவர் போன பிறகு 10 ஆட்டங்களில் 9, அதாவது 0.9. மாற்றத்தால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

செப்டம்பரிலேயே அனுப்பியிருக்க வேண்டும் என்ற வாதத்துக்கும் பதில் இருக்கிறது. ஒரு புள்ளியோடு கிடந்த அதே ராஜர்ஸ், உலகக் கோப்பை இடைவேளைக்குள் 15 ஆட்டங்களில் 17 புள்ளிகள் எடுத்து 13-ஆம் இடத்துக்கு வந்துவிட்டார். அப்போது வேறொருவர் வந்திருந்தால், மாற்றியதால்தான் பிழைத்தோம் என்று நாம் எல்லோரும் எழுதியிருப்போம். இடைவேளைக்குப் பிந்தைய 13 ஆட்டங்களில் 8 புள்ளிகள் மட்டுமே வந்தன என்பதும் உண்மைதான்.

ஆண்டுக்கு ஒரு மேலாளர் என்று மாற்றியே பிழைத்த அணியும் உண்டு. சண்டர்லேண்ட் 2013 மார்ச்சில் மார்ட்டின் ஓ'நீலை நீக்கி டி கானியோவை அழைத்தது, பிழைத்தது. செப்டம்பரில் அவரையும் நீக்கி போயெட்டை அழைத்தது, பிழைத்தது. 2015-இல் போயெட் போய் அட்வகாட் வந்தார், பிழைத்தது. அவர் விலக அலர்டைஸ் வந்தார், பிழைத்தது. ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஆட்டக்காரரை வாங்கிவிட்டுப் போனதால், கடைசியில் அது ஒரு அணியாகவே இல்லை. 2017-இல் பிரிமியர் லீக்கின் கடைசி இடம், மறு ஆண்டு அதற்கடுத்த லீக்கிலும் கடைசி இடம். ஃப்ரைபுர்க் இதற்கு நேர்மாறு. 2015-இல் ஜெர்மனியின் முதல்நிலையிலிருந்து இறங்கியபோதும் மேலாளர் கிறிஸ்டியன் ஷ்ட்ரைஷை நீக்கவில்லை. அவர் மறு ஆண்டே இரண்டாம் நிலைப் பட்டத்தோடு மேலே வந்தார், 2024 வரை இருந்தார்.

லாஸ்பேட்டை கணக்குப்பிள்ளை (புதுச்சேரி) எழுதியது:

சுருக்கமாகச் சொல்கிறேன். இறங்கும் கிளப்புக்கு பிரிமியர் லீக் மூன்று ஆண்டு வரை ஈட்டுத்தொகை தருகிறது. ஒவ்வொரு கிளப்புக்கும் சமமாகக் கிடைக்கும் ஒளிபரப்புப் பங்கில் முதல் ஆண்டு 55, அடுத்து 45, பிறகு 20 விழுக்காடு. முழு வருவாயை நம்பிச் சம்பளம் பேசிய நிர்வாகத்துக்கு இது பள்ளம். எனவே மாற்றுவதால் பிழைக்கும் வாய்ப்பு இம்மியளவு கூடினாலும் அவர்கள் மாற்றத்தான் செய்வார்கள். ஆராய்ச்சி சராசரியைச் சொல்கிறது. நிர்வாகம் சராசரியில் வாழ்வதில்லை.

என் குறை வேறு. 2022 கோடையில் லெஸ்டர் கோல்கீப்பர் காஸ்பர் ஷ்மைக்கேல் நீஸ் அணிக்குப் போனார். அவர் இடத்தில் முதல்நிலைக் கோல்கீப்பர் ஒருவரையும் வாங்கவில்லை. பின்கள ஆட்டக்காரர் வெஸ்லி ஃபோஃபானாவைச் செல்சியிடம் ஏறத்தாழ 7 கோடி பவுண்டுக்கு விற்றுவிட்டு, ரான்ஸ் அணியிலிருந்து வௌட் ஃபாஸ் ஒருவரை மட்டும் பின்களத்துக்குக் கொண்டுவந்தார்கள். கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தபோது ஆடுபவரை மட்டும் மாற்றி என்ன பயன்? மீண்டும் பிரிமியர் லீக்குக்கு வந்த பிறகு, 2024 நவம்பரில் இவர்கள் மேலாளர் ஸ்டீவ் கூப்பரை 12 ஆட்டங்களிலேயே நீக்கினார்கள். பேரன் தம்பி கேட்ட அதே சீக்கிரமான மாற்றம். அப்போது அணி இறங்கும் இடங்களுக்கு மேலே, 10 புள்ளிகளுடன் இருந்தது. அடுத்து வந்த வான் நிஸ்டல்ரோய் 25 ஆட்டங்களில் எடுத்தது 15 புள்ளிகள்.

உப்பளத்தான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. கூப்பர் விஷயத்தைக் கணக்குப்பிள்ளை எழுதியதைக் கடையில் படித்துக் காட்டினேன். முன்பே அனுப்பியிருக்க வேண்டும் என்ற நண்பர் தேநீரை ஆற்றிக்கொண்டே பேச்சை மாற்றிவிட்டார். ராஜர்ஸை வைத்திருக்க வேண்டும் என்ற இருவர் இதை வெற்றியாகக் கொண்டாடுவதையும் நான் ஏற்கவில்லை. 2015-இல் அப்போதைய மேலாளர் நைஜல் பியர்சனை வைத்திருந்ததால் 29 ஆட்டங்களில் 19 புள்ளியிலிருந்து கடைசி 9 ஆட்டங்களில் 22 எடுத்துப் பிழைத்தோம் என்று அவர்கள் எப்போதும் அதையே காட்டுவார்கள். ஆனால் அந்த ஆட்டக்காரர்கள் பியர்சனுக்காக ஓடினார்கள். 2023 மார்ச்சில் ராஜர்ஸுக்காக யாரும் ஓடியதை நான் பார்க்கவில்லை.

என் மனத்தில் நிற்பது மேலாளர் யாரும் இல்லை, 2023 மே 1 எவர்டன் ஆட்டம். நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. 2-1 என்று முன்னிலையில் இருந்தபோது, இடைவேளைக்குச் சற்று முன் லெஸ்டருக்குப் பெனால்டி கிடைத்தது. மேடிசன் நேராக நடுவில் அடித்தார். எவர்டன் கோல்கீப்பர் பிக்ஃபோர்டு நகராமல் நின்று தடுத்தார். ஆட்டம் 2-2 என முடிந்தது. அதை வென்றிருந்து மற்றவை எல்லாம் அப்படியே நடந்திருந்தால் லெஸ்டர் 36, எவர்டன் 35. வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்ததால் வாய்விட்டுக் கத்தவும் முடியவில்லை.

முதுநகர் கோல்கீப்பர் எழுதியது:

அந்தப் பெனால்டியில் அதிர்ஷ்டம் எதுவும் இல்லை, அண்ணா. லெஸ்டர் ஆட்டக்காரர்கள் எந்தப் பக்கம் அடிப்பார்கள் என்ற குறிப்பு பிக்ஃபோர்டின் தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருந்தது. மஞ்சக்குப்பம் மைதானத்தில் இருபது ஆண்டு கோல் காத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: குறிப்பு கையில் இருந்தாலும், உதைப்பவர் ஓடி வரும்போது ஒரு பக்கம் பாயாமல் நிற்பதற்கு உடம்பு எளிதில் சம்மதிக்காது. அதை அவருக்குப் பழக்கியவர் எவர்டனின் கோல்கீப்பர் பயிற்சியாளராக இருந்திருப்பார். அந்தப் பருவத்தின் சனவரியில் எவர்டன் மேலாளராக இருந்த லாம்பார்டு போய் டைச் வந்தபோது, அந்தப் பயிற்சியாளரைப் பற்றி நம் யாருக்குமே எழுதத் தோன்றவில்லை.