நிச்சயத்துக்கு வீரா கார் போகுமா?

குழு: செந்தூல் பாட்டி வீடு

புதன் மாலை

சின்ன மாமா: சனிக்கிழமை புக்கிட் மெர்தாஜாம் நிச்சயத்துக்கு வீராவில் போகிறேன். நாலு பேருக்கு இடம் இருக்கு. யார் யார்?

சித்தி: நான், அம்மா.

காஜாங் அண்ணன்: மாமா, போன வாரம் அந்தக் காடியில் பத்துமலை வரை வந்தேனே. ரோட்டில் வேகத்தடை பம்ப் ஏறினாலே முன்பக்கம் கட கட. ஸ்டீயரிங்கும் இடது பக்கம் இழுக்குது.

சின்ன மாமா: பழைய காடி. சத்தம் வரத்தான் செய்யும்.

பெரிய மாமா: சும்மா வராது. முன் சக்கரம் ரெண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் பால் ஜாயிண்ட் (சக்கரத்தைக் கீழ்க்கையோடு இணைக்கும் உருண்டை மூட்டு), இல்லை பேரிங். பக்கவாட்டில் பிடித்தால் மட்டும் ஆடுகிறதா? ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் டை ராட் எண்ட், அல்லது ரேக் எண்ட். ஒருவர் ஆட்ட, இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்த்தால் எது ஆடுகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

பட்டர்வொர்த் பெரியம்மா: தட்டு 9ஆ 11ஆ?

சித்தி: 11 அக்கா.

பட்டர்வொர்த் பெரியம்மா: மாப்பிள்ளை வீட்டில் 9 என்றார்களே.

சித்தி: முதலில் 11 என்றுதானே பேசினோம்?

வியாழன் காலை

காஜாங் அண்ணன்: [படம்] தூக்கிப் பார்த்தோம். இடது பால் ஜாயிண்ட் ரப்பர் கிழிந்து கிரீஸ் எல்லாம் வெளியே. மண்ணோடு கட்டியாக ஒட்டியிருக்கு. டை ராட் எண்டும் ஆடுது.

சின்ன மாமா: ஒரு பக்கம்தானே. வந்து பார்த்துக்கொள்ளலாம்.

பெரிய மாமா: வந்து பார்ப்பதா? பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடிந்து காடி ரோட்டில் உட்கார்ந்துவிடும். ஹைவேயில் மெனோரா மலை இறக்கத்தில் அது நடந்தால்? உள்ளே அம்மா இருப்பார்.

சித்தி: அண்ணா, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறார்.

பாட்டி: [குரல் செய்தி 0:52]

நான்: பாட்டி தம்புன் பம்பளிமாஸ் வாங்க ஈப்போவில் நிறுத்தச் சொல்கிறார்.

காஜாங் அண்ணன்: 2009-லேயே நிறுத்திய மாடல். பார்ட் கிடைக்குமா?

பெரிய மாமா: வீரா பார்ட்டா கிடைக்காது? லோவர் ஆர்ம், அதாவது அந்தக் கீழ்க்கை, பால் ஜாயிண்டோடு செட்டாகவே வாங்கு. ரெண்டு பக்கமும். அப்பா இருந்தவரை இந்தக் காடி ஒருநாள் சத்தம் போட்டதில்லை.

சின்ன மாமா: காடியை உங்களுக்குத் தந்திருக்க வேண்டும் என்று நேரடியாகச் சொல்லுங்களேன்.

பெரிய மாமா: அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

சித்தி: இரண்டு பேரும் 🙏

காஜாங் அண்ணன்: வாங்கியாச்சு. நானே மாற்றுகிறேன். போமென் (மெக்கானிக்) திங்கட்கிழமைதான் முடியும் என்கிறார்.

பெரிய மாமா: சரி, கவனமாகக் கேள். டை ராட் எண்ட் லாக் நட்டை அரைச்சுற்று மட்டும் தளர்த்து. எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, சாக்பீஸால் சுவரில் எழுது. புதியதை அதே சுற்றுக்கு ஏற்று. அப்போதுதான் சக்கரக் கோணம் சரிசெய்யும் அலைன்மெண்ட் கடை வரையாவது காடி நேராக ஓடும். பால் ஜாயிண்ட் இறுகிப்போய் வராது. மரை மேல் சுத்தியல் போடாதே. அது உட்காரும் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் இரும்பு) காதின் பக்கவாட்டில் ஓங்கி அடி, தானாக விடும். நட்டை முழுவதும் எடுக்காமல் நாலு மரை விட்டு வை, இல்லாவிட்டால் மொத்தமும் காலில் விழும். நட்டு கழலாமல் பூட்டும் பழைய காட்டர் பின்னைத் திரும்பப் போடாதே. லோவர் ஆர்ம் ரப்பர் புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது இறுக்காதே. டயர் தரையில் இறங்கி காடி பாரம் உட்கார்ந்த பிறகு இறுக்கு. தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். செந்தூல் ரயில் பட்டறையில் புதுப் பையன்களுக்கெல்லாம் நான் முதலில் சொன்னது இதைத்தான்.

காஜாங் அண்ணன்: சரி மாமா.

சின்ன மாமா: பட்டறை ஆரம்பம் 😄

காஜாங் அண்ணன்: குலுக்கலைத் தாங்கும் அப்சோர்பரும் கசியுது. மேலே நடு நட்டைக் கழற்றட்டுமா?

பெரிய மாமா: தொடாதே!! ஸ்பிரிங்கை கம்பிரஸரில் அடக்காமல் அந்த நட்டை எடுத்தால் முகத்தில் பாயும். கசிந்தால் கசியட்டும், அடுத்த வாரம் கடையில் ஜோடியாக மாற்றலாம்.

பட்டர்வொர்த் பெரியம்மா: கத்தரிப்பூ கலர் புடவை யாரும் கட்ட வேண்டாம். பொண்ணு அதுதான் கட்டுது.

சித்தி: ஐயோ, நான் தைக்கக் கொடுத்துவிட்டேனே.

வியாழன் இரவு

காஜாங் அண்ணன்: [படம்] இடது முடிந்தது. சத்தம் குறைந்திருக்கு. வலது லோவர் ஆர்ம் போல்ட் துருப்பிடித்து அசையவில்லை. எண்ணெய் அடித்து ஊறவிட்டிருக்கேன்.

பெரிய மாமா: அலைன்மெண்ட் செய்யாமல் ஹைவே ஏறக்கூடாது. இருக்கிற டயரும் தேய்ந்துபோகும். அம்மா என் காடியில் வரட்டும்.

சின்ன மாமா: அம்மா எப்போதும் என்னோடுதான் வருவார்.

நான்: ஈடிஎஸ் ரயில் புக்கிட் மெர்தாஜாமிலேயே நிற்கும். டிக்கெட் பார்க்கவா?

பாட்டி: [குரல் செய்தி 0:08]

சித்தி: ரயில் என்றால் பம்பளிமாஸ் யார் வாங்குவது என்று கேட்கிறார்.

சின்ன மாமா: நாளை மதியத்துக்குள் வலது பக்கமும் அலைன்மெண்டும் முடிந்தால் வீரா. இல்லாவிட்டால் பேசுவோம்.

பட்டர்வொர்த் பெரியம்மா: எதில் வேண்டுமானாலும் வாருங்கள். எத்தனை பேர் என்று மட்டும் சொல்லுங்கள், சாப்பாட்டுக்காரர் காலையில் கூப்பிடுவார்.