புதுப்பிப்பு: குளோன் படைக்கு ஆர்டர் கொடுத்தது யார்?

2002-இல் வந்த ஸ்டார் வார்ஸ் முன்கதையான 'அட்டாக் ஆஃப் த குளோன்ஸ்' படத்தில், ஒரே ஆளை நகலெடுத்து உருவாக்கிய குளோன் படைக்கு ஆர்டர் கொடுத்ததாகச் சொல்லப்படுபவர் சைஃபோ-டியாஸ் என்ற இறந்துபோன ஜெடை (அமைதி காக்கும் வீரர்); அந்த மர்மம் அந்தரத்தில் நிற்கிறது என்று எழுதியிருந்தேன். பலர் சொன்னபடி 'தி குளோன் வார்ஸ்' தொடரின் 2014 சீசனைப் பார்த்தேன். விடை அங்கே இருக்கிறது. போர் வரப்போவதை உணர்ந்த சைஃபோ-டியாஸ், ஜெடை மன்றத்துக்குத் தெரியாமல் படைக்கு ஏற்பாடு செய்தார். ஜெடைகளை விட்டு விலகி வில்லனான டூக்கு, ஆளை வைத்து அவரைத் தீர்த்துக்கட்டி, டைரனஸ் என்ற பெயரில் திட்டத்தைக் கைப்பற்றினார். இது தெரிந்தும் ஜெடைகளின் மூத்த குருவான யோடா வெளியே சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்ததுதான் என்னை உலுக்கியது.

சரி, படம்? யோடாவின் வகுப்பறைக் காட்சி ஒன்றுக்காகவே அதை நேசிப்பேன். வரைபடத்தில், குளோன் படை உருவாகும் கமினோ என்ற கிரகம் இருக்க வேண்டிய இடம் காலி, ஆனால் ஈர்ப்பு விசை மட்டும் இருக்கிறது. யாரோ அழித்திருக்க வேண்டும் என்று ஒரு சிறுவன் பட்டென்று சொல்கிறான். அது டூக்குதான் என்று 2022-இல் 'டேல்ஸ் ஆஃப் த ஜெடை' தொடர் காட்டியது. இத்தனையையும் படத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், அந்தக் குறை எனக்கு இன்னும் தீரவில்லை.